சத்தம் போடாத ஃபேன்

"மறுபடியும் தட்டறாரு," என்றாள் ரங்கம்மாள்.

வெங்கடபதி செய்தித்தாளை மடித்து வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கைத்தடியின் பித்தளைப் பூண் சுவரில் மோதும் சத்தம் வந்தது. டொக். டொக். நிதானமாக, இடைவெளி விட்டு.

சுவருக்கு இந்தப் பக்கம், வீட்டின் பழைய ஆபீஸ் அறையில், மகள் ஹாரிகாவின் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. சூடு ஏறாமல் இருப்பதற்காகப் பெட்டிக்குள் ஒரு ஃபேன் சுற்றுகிறது, அதன் சத்தம்தான் அது என்று அவள் சொல்லியிருந்தாள். பெட்டியைப் போட்டால் ஃபேன் ஓடும். ஃபேன் ஓடினால் சுவரில் தட்டல் ஆரம்பமாகும்.

"நிறுத்து அம்மணி," என்றார் வெங்கடபதி.

"நாளன்னைக்குக் காத்தால சரவணம்பட்டிக் காலேஜ் பையன் வந்து நிப்பானுங்கப்பா. அவன் புராஜெக்ட் ரிப்போர்ட்டு இன்னும் பாதிகூட அடிக்கலை."

"மெதுவாப் பேசு. தாத்தா காதுல உழுந்துரும்."

"இந்தப் பொட்டி போடற சத்தத்துல நான் பேசறது எனக்கே கேக்கலைங்கப்பா. தாத்தாவுக்கு எங்க கேக்கப் போகுது?"

தாத்தா என்பது வெங்கடபதியின் தகப்பனார் சுந்தரராஜுலு. வீட்டுக்குப் பின்புறம் மதிலைத் தாண்டி நிற்கும் நூல் மில் அவர் கட்டியது. பக்கவாதம் வந்து அவர் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மில் நொடித்து, பேங்குக்காரர்கள் வந்து கேட்டுக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அவரை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றுதான் சொன்னார்: இன்னொரு அதிர்ச்சியை இந்த உடம்பு தாங்காது.

ஆகவே இரண்டு விஷயங்கள் அவருக்குத் தெரியக்கூடாது என்று வெங்கடபதி முடிவு செய்தார். மில் மூடிக் கிடப்பது ஒன்று. அந்தக் குடும்பத்துப் பெண் ஊரார் காகிதங்களைக் கூலிக்கு டைப் அடிப்பது இன்னொன்று. தாத்தாவுக்கு மருந்து அந்தக் கூலியில்தான் வந்தது. அதுவும் தெரியக்கூடாது என்றால் மூன்று விஷயங்கள்.

முதல் விஷயத்தை மறைப்பது சுலபமாக இருந்தது. தினமும் காலையில் வெங்கடபதி குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, தகப்பனாரின் அறை வாசற்படியில் நின்று, "மில்லு நல்லா ஓடுதுங்க நைனா," என்று சொல்லுவார். கிழவர் தலையை அசைப்பார். கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லாததால் வெங்கடபதி தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுவார்.

இரண்டாவது விஷயம்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை இரைந்துகொண்டிருந்தது. கிழவரை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. முன்பக்கத்து அறையில் வைத்தால் வருகிற போகிறவர்கள் பார்ப்பார்கள். வெளியார் கண்ணில் படாத அறை அந்த ஆபீஸ் அறை ஒன்றுதான்.

வாய் கோணிப்போனதால் கிழவர் பேசுவது, அவரைப் பார்த்துக்கொள்ளும் வள்ளியாத்தாள் ஒருத்திக்குத்தான் விளங்கும். அன்னூர்க்காரி. வந்த புதிதில் ஒருநாள் வெளியே வந்து, "மில்லுச் சங்கு ஏன் ஊதலீன்னு பெரியவரு கேக்கறாருங்க," என்றாள்.

"பக்கத்துல பிரசவ ஆஸ்பத்திரி வந்துருச்சு, ஊதக் கூடாதுன்னுட்டாங்கன்னு சொல்லு," என்றார் வெங்கடபதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "வள்ளியாத்தா, பெரிய மனுசன் படுக்கையில பேசறது சமையல்கட்டுக்கு வரக்கூடாது. சமையல்கட்டுக்கு வந்தா வீதிக்குப் போயிரும். இனிமே அந்த ரூமுல பேசறது அந்த ரூமுலயே இருக்கோணும். எங்கிட்டக்கூடச் சொல்லாதே," என்றார்.

"சரிங்க மொதலாளி," என்றாள் வள்ளியாத்தாள். சொன்ன சொல் தவறாதவள்.

டொக். டொக்.

"மேல கம்பளியைப் போத்திப் பாத்தா என்னங்க?" என்றாள் ரங்கம்மாள்.

கம்பளி போதவில்லை. அதன்மேல் மில் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய்ப் போர்வை ஒன்றையும் போர்த்தினார்கள். இரைச்சல் தணிந்து முனகலாயிற்று. வெங்கடபதி கையைக் கட்டிக்கொண்டு திருப்தியாக நின்றார். சற்று நேரத்தில் தட்டலும் தயங்கித் தயங்கி நின்றது.

அதற்கப்புறம் தீய்ந்த நாற்றம் வந்தது.

"ஐயோ, ஸ்க்ரீன் நின்னுருச்சு!" என்று ஹாரிகா ரஜாயை உருவி எறிந்தாள். பெட்டியின் பின்புறம் தோசைக்கல்லாகக் கொதித்தது. ஃபேன் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கிவிட்டது. அடித்த பக்கங்களும் அதோடு போயின.

அன்று சுவர் அமைதியாக இருந்தது. ஆனால் கிழவர் தொடாத சோற்றுத் தட்டை வள்ளியாத்தாள் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"கோவம் இன்னும் தீரலை பாரு," என்றார் வெங்கடபதி.

மறுநாள் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒப்பணக்கார வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த சஹீரின் கடைக்குப் போனார். ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தவன் சஹீர். வாய் ஓயாதவன்.

"வாங்க, வாங்க. என்ன வேணுமுங்க?"

"கம்ப்யூட்டருக்கு உள்ள ஓடற ஃபேன். சத்தம் வரக்கூடாது. வெலையும்..." என்று ஆரம்பித்த வெங்கடபதி நிறுத்திக்கொண்டார். விலை கேட்டு எதையும் வாங்கிய வழக்கம் அவர் வீட்டில் இல்லை. "வெலை எப்படி இருந்தாலும் பரவால்லை."

"அதென்னங்க அப்படிச் சொல்லிப்போட்டீங்க! சல்லிசாவே நல்ல சாமான் இருக்குது." சஹீர் கறுப்பாக, அகலமாக ஒரு ஃபேனை எடுத்து மேஜைமேல் வைத்தான். "சின்ன ஃபேனு வேகமாச் சுத்துனாத்தான் காத்து வரும். வேகம்னா சத்தந்தானுங்களே? இது பெருசு. மெதுவாச் சுத்துனாப் போதும். இருக்கறதே தெரியாது. வெலையும் கம்மி. ஊட்டுக்குத்தானுங்களே?"

வெங்கடபதியின் முதுகு தானாக நிமிர்ந்தது. வீட்டில் எதற்குக் கம்ப்யூட்டர் என்று அடுத்த கேள்வி வரும்.

"மில் ஆபீஸுக்கு," என்றார்.

"மில்லா? மூடிட்டாங்கன்னு யாரோ..."

"யார் சொன்னது? மூணு ஷிப்டும் ஓடுது."

"அப்படீங்களா? அப்ப இது ஆகாதுங்க." சஹீர் கறுப்பு ஃபேனை ஓரமாகத் தள்ளினான். "மில்லுல பஞ்சுத் தூசி பறக்கும். மெதுவா ஓடறது ஒரே வாரத்துல அடைச்சுக்கும். உங்களுக்கு இதுதான் சரி." இரும்பு இறக்கை வைத்த, தூக்கினால் கை இறங்குகிற ஒரு ஃபேனை அலமாரியிலிருந்து இறக்கினான். "பால் பேரிங்கு. சுவத்துக் கரண்ட்டுலயே நேரா ஓடும். தூசி கீசியெல்லாம் ஊதித் தள்ளிப்போடும்."

"சத்தம்?"

சஹீர் சிரித்தான். "மில்லு ஓடற சத்தத்துல இதோட சத்தம் உங்களுக்குக் கேக்கவா போகுதுங்க?"

வெங்கடபதி ஓரமாகக் கிடந்த கறுப்பு ஃபேனை ஒருமுறை பார்த்தார். பிறகு பேரம் பேசாமல் இரும்பு ஃபேனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அது பெட்டிக்குள் நுழையவில்லை. ஹாரிகா பெட்டியின் முதுகைத் திறந்து, வெளியே வைத்துக் கம்பியால் கட்டினாள். ஸ்விட்சைப் போட்டதும் மேஜை நடுங்கியது. பீரோமேல் இருந்த பழைய காகிதங்கள் பறந்தன. ரங்கம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது?" என்று கத்தினாள்.

"ஃபேன்!" என்று கத்தினார் வெங்கடபதி.

சுவரின் அந்தப் பக்கம் தட்டல் ஆரம்பித்தது. இதுவரை கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை. இப்போது விடாமல், கச்சேரிக்குத் தாளம் போடுவது போல, சாயங்காலம் வரை கேட்டது. வெங்கடபதி சாப்பிடவில்லை. பக்கவாதம் வந்த தகப்பனுக்கு அந்திமக் காலத்தில் இப்படி ஒரு அவமானமா என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

வள்ளியாத்தாள் காலித் தட்டோடு வந்தாள். "இன்னும் கொஞ்சம் களி இருந்தாக் குடுங்க அம்மா. பெரியவரு கேட்டு வாங்கிச் சாப்பிடறாருங்க."

"தட்டறதுக்குத் தெம்பு வேணுமில்ல?" என்றார் வெங்கடபதி கசப்புடன்.

"இல்லீங்க மொதலாளி, பெரியவரு இந்தச் சத்தத்தை..."

"வள்ளியாத்தா! நான் என்ன சொல்லியிருக்கேன்?"

அவள் வாயை மூடிக்கொண்டு களியோடு உள்ளே போனாள்.

மில் முதலாளியின் பிள்ளை என்பதால் வெங்கடபதிக்கு இயந்திரம் பற்றி ஒன்று தெரியும்: சத்தம் போட்டால் எண்ணெய் விட வேண்டும். கார் ஷெட்டில் பழைய ஸ்பிண்டில் ஆயில் டின் ஒன்று கிடந்தது. ஓடுகிற ஃபேனில் தாராளமாக விட்டார். இரும்பு இறக்கை அதை வாங்கி அறை முழுக்க இறைத்தது. சலவைச் சட்டை போயிற்று. புதிதாக அடித்து அடுக்கி வைத்திருந்த ரிப்போர்ட்டும் போயிற்று. சத்தம் மட்டும் போகவில்லை.

காலேஜ் பையன் கொல்லைப்புறக் கதவருகே நின்று தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"ஏனுங்க்கா, இது ரிப்போர்ட்டா, பஜ்ஜி மடிச்ச பேப்பருங்களா? எங்க சாரு இதை வாங்கினா மார்க்குப் போட மாட்டாரு, சட்னி கேப்பாரு."

"ரெண்டு நாள் குடு, மறுபடி அடிச்சுத் தாரேன்."

"வேண்டாமுங்க்கா. வேற பக்கம் பாத்துக்கறோம். ஹாஸ்டல்ல மத்தவங்களுக்கும் சொல்லிப்போடறேன்."

ஹாரிகா அழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து தகப்பனார் முன்னால் நின்றாள்.

"மில்லுன்னு சொன்னீங்க, மில்லுக்கு உண்டானதைக் குடுத்துட்டாங்க. ஊடுன்னு சொல்லியிருந்தா ஊட்டுக்கு உண்டானதைக் குடுத்திருப்பாங்க. இந்தப் பசங்களும் போயிட்டா அடுத்த மாசம் தாத்தாவுக்கு மருந்து எங்கிருந்துங்கப்பா வரும்? உங்க கவுரவத்தைக் கரைச்சு ஊத்தறதா?"

அந்த வீட்டில் பெண்பிள்ளை தகப்பனிடம் இப்படிப் பேசியதில்லை. வெங்கடபதி வேறு சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சஹீரின் கடையில் அவருக்கு முன்பே ஒருவன் உட்கார்ந்திருந்தான். அங்கப்பன். மில்லில் எடை போடும் இடத்தில் இருந்தவன். மூடிய பிறகு எங்கோ வாட்ச்மேன் வேலை பார்ப்பதாகக் கேள்வி. மடியில் பழுதான டிரான்சிஸ்டர். முதலாளியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"கும்புடறேனுங்க மொதலாளி."

வெங்கடபதிக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. அடுத்த மாதத்து மருந்தை நினைத்துக்கொண்டார்.

"சஹீரு, நான் சொன்னது பொய். மில்லு மூடியாச்சு. கம்ப்யூட்டரு ஊட்டுல இருக்குது. எம் மக கூலிக்கு டைப் அடிக்கறா. பக்கத்து ரூமுல எங்க நைனா சாகக் கெடக்கறாரு. சத்தம் அவருக்குக் கேக்கக்கூடாது. எங்கிட்டப் பணமும் அதிகமா இல்லை."

அங்கப்பன் தொண்டையைக் கனைத்தான்.

"மில்லு மூடுனது எனக்குத் தெரியுமுங்க மொதலாளி," என்றான் ஆறுதலாக.

சஹீர் அந்தக் கறுப்பு ஃபேனை எடுத்துத் தூசி தட்டினான். "அன்னைக்கே எடுத்து வெச்சனுங்களே," என்று மட்டும் முணுமுணுத்தான். "அந்த இரும்பு ஃபேனை நானே திருப்பி எடுத்துக்கறேன். வாங்க, நானே வந்து மாட்டித் தாரேன்."

அவனே வந்து மாட்டினான். திருகு படும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம் வைத்தான். கரண்ட்டைக் கொஞ்சம் குறைத்து ஒயரை மாற்றிக் கொடுத்தான். வேகம் இன்னும் தணியுமாம். பெட்டியை மூடி ஸ்விட்சைப் போட்டான்.

ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடுதா?" என்றார் வெங்கடபதி.

"கையை வெச்சுப் பாருங்க."

பெட்டியின் பின்னால் கை வைத்தார். மெல்லிய காற்று விரல்களில் பட்டது. ஹாரிகா காதை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். ரங்கம்மாள் சஹீருக்குக் காப்பி கலக்கப் போனாள். வெங்கடபதி நாற்காலியில் சாய்ந்தார். மானம் போய்விட்டது. ஆனால் தகப்பன் நிம்மதியாகக் கண்மூடலாம். மகன் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது.

டொக்.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

டொக். டொக். டொக். சுவரின் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. இவ்வளவு பலமாக அவர் ஒருநாளும் தட்டியதில்லை.

"சத்தமே இல்லையே!" என்று வெங்கடபதி எழுந்தார். "இன்னும் எதுக்குத் தட்டறாரு?"

அந்தப் பக்கம் கட்டில் முறிவதுபோல ஒரு சத்தம். கதவைத் திறந்துகொண்டு வள்ளியாத்தாள் ஓடி வந்தாள். முந்தானை கலைந்து மூச்சு வாங்கியது.

"அந்த ரூமுல பேசறது..." என்று ஆரம்பித்தார் வெங்கடபதி.

"இன்னைக்குச் சொல்லித்தான் ஆகோணுமுங்க மொதலாளி! இத்தனை நாளா மில்லு ஓடுதுன்னு சந்தோசமாத் தாளம் போட்டுட்டு இருந்தவரு, கரண்ட்டு இருந்தும் மில்லு ஓடற சத்தம் நின்னுபோச்சுன்னு எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. சட்டையும் செருப்பும் எடுத்துட்டு வா, நானே நேர்ல போயி என்னன்னு பாத்துப்போட்டு வாரேங்கறாரு!"