மச்சம் விழுந்த பக்கம்

பாதுவா, புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

வெனிஸில் கயிறு வியாபாரம் பார்க்கும் மதிப்பிற்குரிய மாமா மார்சிலியோ அவர்களுக்கு, செப்புத் தகட்டில் சித்திரம் வெட்டும் உங்கள் மருமகன் பெல்ட்ராமே பணிவோடு எழுதுவது. நானும் உங்கள் மகள் ஓர்சோலாவும் சுகம். எங்களோடு தங்கியிருக்கும் அத்தையும் சுகம். உங்கள் கயிறு கப்பல்களைப் பிடித்திருப்பதுபோல் ஆண்டவர் உங்களைப் பிடித்திருக்கட்டும்.

ஊர்வாய் உங்கள் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். போன குளிர்காலத்திலிருந்து ஒரே தகட்டோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். மலையடிவாரம், மரங்கள், ஒரு சுனை, அதில் வேட்டைத் தேவதை டயானா குளிக்கிறாள். பழங்காலத்துத் தேவதை என்பதால் துணி கிடையாது. உடம்பைப் பளிங்குச் சிலை ஒன்றைப் பார்த்துத்தான் வெட்டினேன், சத்தியமாக. முகத்துக்குத்தான் யாரும் அகப்படவில்லை. எதிரே ஓர்சோலா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள், கண் அவள்மேல் போக, கை தகட்டின்மேல் போக, இடது கன்னத்து மச்சம்கூட விடாமல் அவளே வந்து இறங்கிவிட்டாள். அச்செடுத்துக் கடையில் மாட்டிய அன்றே ரொட்டிக்காரி பார்த்துவிட்டு, “ஏண்டி ஓர்சோலா, சுனைத் தண்ணி சில்லுனு இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டாள். இவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டவள்தான், வெளியே வரவில்லை. அடுத்து பங்குச் சாமியார் இலாரியோ வந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் படியில் வைத்துத் தகட்டைச் சம்மட்டியால் அடிக்கணும், நீயும் உன் பெண்டாட்டியும் சபை முன்னாடி மண்டி போடணும்னு கறாராகச் சொல்லிவிட்டார்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தார்.

“சாமி, எம்மகளுக்கு மச்சம் எந்தக் கன்னத்துல?”

“இடதுல. ஊருக்கே தெரியுமே.”

“இவளுக்கு?”

சாமியார் படத்தைக் கிட்டே பிடித்தார், எட்டப் பிடித்தார். “வலது.”

“அப்ப இவ வேற எவளோ. முன்ன பின்ன தெரியாத தேவதைய எம்மக தலையில கட்டாதீங்க.”

சாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாமா, தகட்டில் இடப்பக்கம் வெட்டியது தாளில் வலப்பக்கம் விழும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். அவளைப் பார்த்த மயக்கத்தில் திருப்பி வெட்ட மறந்துபோனேன். அத்தைக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. ஓர்சோலா தாழைத் திறந்து வந்து படத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். “நெசமா நான் இவ்ளோ அழகா?” என்றாள். நான் தலையாட்டினேன். அழுதாள், அப்புறம் சூப்பு வைத்தாள். இப்படி ஒரு மகளையும் மனைவியையும் உடைய உங்களுக்கு என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போட்டாலும் நன்றி தீராது. இனி நம் வீட்டுப் பெண்கள் முகம் என் தகட்டில் ஏறாது, இது மாதாமேல் ஆணை. உங்கள் ஆசியை வேண்டும்,

பெல்ட்ராமே

பி.கு.: வெரோனாப் பிரபு ஒருவர் தேவர்களின் அரசி யூனோவைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். வயதும் கம்பீரமும் உள்ள முகம் வேண்டுமாம். அத்தை தானாகவே நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். கழுத்து வரைக்கும்தான் என்று நானும் மன்றாடிப் பார்த்துவிட்டேன். “கழுத்தோட நின்னா யாரு மாப்ள வாங்குவா?” என்கிறார். அடுத்த படகிலேயே புறப்பட்டு வாருங்கள்.