இரண்டு கரைக்கும் கொடுத்த சத்தியம்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் தேடினாலும், சிகரெட்டை அதிக தடவை விட்ட மனிதர் எங்கள் ஊர் 'கடைசி' அண்ணன்தான். மற்றவர்கள் ஒருமுறை விடுவதற்கே திண்டாடுவார்கள். அவர் காலைப் பிளேன்டீக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் விடுவார். ஒவ்வொன்றையும் பற்றவைக்கும்போது "இதுதான் கடைசி" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

தினமும் காலையில் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு இருவரும் பாதையில் போவோம். வாவியைக் கடக்கிற மிதவைப் படகுக்கு இங்கே பாதை என்று பெயர். அக்கரையில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை, அவருக்குக் கூட்டுறவுக் கடையில். ஒரு நெருப்புக்குச்சியில் இரண்டு சிகரெட் பற்றும். அவருடைய "கடைசி"யை நாள்தோறும் நம்பிய ஒரே முட்டாள் நான்.

அவர் இருமுவதைக் கேட்கப் பொறுக்காமல், அவர் மனைவி, எனக்கு அக்கா முறை, அவரை அம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினார். "தாயே, இந்தக் கரையில இனிப் பத்தமாட்டன்!" மறுநாள் படுவான்கரையில் கால் வைத்ததும் பெட்டியை எடுத்தார்.

"அண்ணே, சத்தியம்?"

"அது எழுவான்கரை அம்மனுக்குச் சொன்னது. இஞ்ச அவவுக்கு என்ன அலுவல்?"

செய்தி வீட்டுக்குப் போனது. அக்கா பாதையேறி வந்து, படுவான்கரைக் கோயிலிலும் ஒரு கற்பூரம் கொளுத்தினார். அடுத்த நாள் அண்ணன் நடு வாவியில் பற்றவைத்தார்.

"தண்ணிக்குள்ள கோயில் இல்லதானே?"

பாதையே விழுந்து விழுந்து சிரித்தது.

சிரிப்பு அதோடு சரி. அவர் கால்விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். இனியும் புகைத்தால் முழுக்காலும் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றுதான் அண்ணன் உண்மையாகவே விட்டார்.

பிளேன்டீ குடித்தால் புகை கேட்கிறது என்று பிளேன்டீயை விட்டார். சோறு தின்றால் கேட்கிறது என்று, கை கழுவியதும் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டு வளவைச் சுற்றினார். வாய் சும்மா இருக்கக்கூடாதென்று சேட்டுப் பொக்கெற் நிறையக் கச்சான் கடலை. அக்காவிடம் எரிந்து விழுவார், சில நாள் அழுதும் இருக்கிறார். ஆனால் பற்றவைக்கவில்லை. பிறகு பாதையையும் விட்டுவிட்டு, பாலத்தால் சுற்றிப்போகும் பஸ்ஸில் ஏறினார். என்ன கோபமோ என்று வீட்டுக்குப் போனேன். வாசல் படலைக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

"கோவிக்காத தம்பி. உன்னக் கண்டாக் கை தன்ட பாட்டில நெருப்புப்பெட்டி தேடுது. மறுகா இஞ்சால வராத." அவருக்குக் கண் கலங்கியது. "நீயும் விட்டுட்டு வா. பஸ்ஸில சீற் பிடிச்சு வைக்கிறன்."

இன்று காலையும் பாதையில்தான் போனேன். நடு வாவியில் பற்றவைத்து, "இதுதான் கடைசி" என்று சத்தமாகவே சொன்னேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. பஸ்ஸில் கடைசி அண்ணன் மட்டும் இன்னமும் பக்கத்து சீற்றில் கச்சான் பையை வைத்துக்கொண்டு, உட்கார வருகிறவர்களிடமெல்லாம் "ஆள் வருது" என்று சண்டை பிடிக்கிறாராம்.