புள்ளிக்காரரும் கொறங்காடும்

புள்ளிக்காரர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டவர் கோயமுத்தூரில் எங்கள் ஆராய்ச்சி மாணவர் விடுதியில் ஒருவர்கூட இல்லை. தொண்ணூறுகளில், கம்ப்யூட்டர் திரையில் புள்ளி புள்ளியாகப் புல்வெளிகளை வரைந்து, கணக்குப் போட்டே காயவைத்துக்கொண்டிருந்தார் மனிதர்; நாங்கள் வைத்த பெயர் அப்படி வந்ததுதான். மழை குறையக் குறைய புல்லில் முதலில் ஓட்டைகள் விழுமாம், பிறகு வரிகள், கடைசியில் தனித்தனித் திட்டுகள். அதற்கப்புறம் திடீரென்று வெறும் மண். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், திரையில் புல் செத்த பிறகுதான் வெளியே வருவார். அதுவும் எவர் செருப்பிலாவது.

ஒருநாள் வார்டன் தலையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க சார், போன வருசம் ஓட்டை ஓட்டையா இருந்துச்சுங்க. இப்பத் திட்டுத் திட்டா ஆயிப்போச்சு. இனி எண்ணெய் தேச்சாலும் ஆவாதுங்க."

அந்த மாதம் முழுக்க அவருக்கு மெஸ்ஸில் இரண்டாவது தோசை வரவில்லை.

காங்கயம் பக்கம் அவர் அப்பாவின் கொறங்காட்டிலும் புல் திட்டாகிவிட்டது என்று புள்ளிக்காரர் சொன்னபோதுதான் எங்கள் சிரிப்பு நின்றது. கிளுவை வேலி போட்ட அந்த மேய்ச்சல் நிலத்தை நம்பிப் பத்து மாடுகள். உடனே அவற்றை வெளியே ஓட்டி, வேலிவாசலின் முள்படலைச் சாத்தினால்தான் புல் பிழைக்கும்.

"நான் சொன்னா எங்கய்யன் கேக்க மாட்டாருங்க. உங்களுக்குத்தான் பேச வருமுங்க, வாங்க" என்று என்னை இழுத்துப் போனார்.

பெரியவர் வயிறு முட்டச் சோறு போட்டுக் காட்டைக் காட்டினார். திட்டுகள் பச்சைப்பசேலென்று இருந்தன.

"பாருங்க தம்பி, இந்தப் பச்சையப் பாத்துப்போட்டுப் படலைச் சாத்தச் சொல்றான்! மாடு வெளிய நின்னு கத்துனா இவனா வந்து கேப்பான்?"

"சுத்தி இருக்கற தண்ணியெல்லாம் அதே குடிச்சுப்போடுதுங்க, அதான் பச்சை" என்றபடி புள்ளிக்காரர் என்னைப் பார்த்தார்.

நான், "ஐயா சொல்றதும் சரியாத்தானே இருக்குது" என்றேன். சாப்பிட்ட சோற்றுக்கு விசுவாசம்!

அடுத்த கோடையில் புல் ஒன்றுமில்லாமல் போயிற்று. பத்து மாடும் சந்தைக்குப் போயின. கடைசி மாட்டை ஓட்டிப்போன அன்று படுத்த பெரியவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்கப் போன என்னைப் புள்ளிக்காரர் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை.

"கணக்குல மழையப் போட்டனுங்க, மாட்டப் போட்டனுங்க. மாடு பசியில கத்துனா எங்கய்யனுக்குத் தாங்காது. அதை மட்டும் போடாம உட்டுப்போட்டனுங்க."

ஆராய்ச்சியை விட்டுவிட்டு, படலைச் சாத்தி மழைக்குக் காத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

என் தலையிலும் இப்போது திட்டுகள்தான். யார் சொன்னாலும் கோபம் வருகிறது. அவர் வந்து சொன்னால் மட்டும், குனிந்து நன்றாகக் காட்டி, "ஆமாங்க" என்பேன்.