எண்டர் தட்டுகிறவர்

அன்பர்களே, இன்று நான் அறிமுகம் செய்துவைக்கப்போகும் ஜீவன் காட்டில் வசிப்பதில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறது; சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருக்கிறது; யார் வீட்டில் எது கெட்டுப்போனாலும் "கொண்டாங்கோ, நான் பாக்கறேன்" என்று கையை நீட்டுகிறது. இந்த இனத்துக்கு எண்டர் தட்டுகிறவர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் என்று ஒரு சாமான் நம் திருச்சிக்கு வந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது. பார்க்க டெலிவிஷன் பெட்டிக்கு டைப்ரைட்டரைக் கட்டிவைத்த மாதிரி இருக்கும். அது ஏதாவது சொல்ல நினைத்தால் திரையில் பச்சை எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டு, நாம் படித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருக்கும். படித்தாயிற்று, மேலே போகலாம் என்று அதற்குத் தெரிவிக்க, வலது ஓரத்தில் எண்டர் என்ற ஒரு விசையைத் தட்ட வேண்டும். நம்மவர் தட்டுவார். படிக்க மாட்டார். அவ்வளவுதான் விஷயம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இந்த இனம் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் காயுமுன்பே வாங்கி அலமாரியில் செருகிவிட்டு, முகூர்த்தம் முடிந்த மறுநாள் பட்டு வேட்டியோடு மண்டபத்துக்குப் போய் அங்கே பந்தல் பிரிக்கிறவர்களிடம் "பொண்ணு மாப்பிள்ளை எங்கே?" என்று விசாரித்தவர் யார்? வெளிப்பூச்சுக்கு என்று சீட்டு ஒட்டிய தைலத்தை மூன்று வேளை குடித்துவிட்டு, கசக்கிறது என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனவர் யார்? எல்லாம் இவருடைய முன்னோர்தான். அவர்களுக்குத் தட்டுவதற்கு ஒரு விசை இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை விஞ்ஞானம் இப்போது தீர்த்துவைத்திருக்கிறது.

இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்றால், தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருபது வருஷமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். ஆளை முகத்தைப் பார்த்து எடை போடும் வழக்கம் எனக்கு இல்லை, விரலைப் பார்த்துத்தான். இந்தக் கதையின் நாயகர் ஸ்ரீரங்கராஜன் சாருடைய சுட்டுவிரல் மாடிப் படியேறும்போதே துடித்துக்கொண்டிருந்தது.

என் இன்ஸ்டிட்யூட்டுக்கு நேர் மாடியில் செல்வமேரி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்திருக்கிறாள். சிஸ்டர் லூர்துராணி தலைமையாசிரியையாக இருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். "இனிமே காலம் கம்ப்யூட்டர்தான் சிஸ்டர்" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்தாள். "பாக்கலாம்" என்றார் சிஸ்டர். அந்த ஒரு வார்த்தைதான் ஆறு மாதமாக அவள் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சென்டரில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., வாசலில் "செருப்பைக் கழற்றவும்" என்று ஒரு பலகை எல்லாம் உண்டு. மாணவர்கள்தான் இல்லை. இந்த நிலையில், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த கையோடு, சிஸ்டர் சொல்லியனுப்பினார்: திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், பாஸ்கல் என்கிறாயே, அதை ஓட்டிக் காட்டு, திருப்தியாக இருந்தால் ப்ளஸ் ஒன் பிள்ளைகளை உன்னிடமே அனுப்புகிறேன்.

அனுப்பினால் சென்டர் நிற்கும். இல்லாவிட்டால் செல்வமேரி சாக்பீஸ் கேட்டு அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போய் நிற்க வேண்டும்.

பாஸ்கல் என்பது கம்ப்யூட்டரிடம் பேசுகிற ஒரு பாஷை. ஃபிளாப்பி என்கிற கறுப்புத் தகடுகளில் பார்சலாக வரும். அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக்கொண்டால் பிறகு அந்தப் பாஷையில் அதனிடம் வேலை வாங்கலாம். பார்சல் சனிக்கிழமைதான் வந்தது. செல்வமேரி தானே ஏற்றிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அவள் அப்பா தைரியராஜ்தான், பெயருக்குச் சம்பந்தமில்லாமல் பயந்துபோய், "வேணாம்மா, தெரிஞ்ச ஆளை வச்சு செய்ம்மா" என்று ஸ்ரீரங்கத்துக்குப் போய் ஸ்ரீரங்கராஜன் சாரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். சார் ஒரு பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். அங்கே பிரிண்டருக்குக் காகிதம் மாட்டுகிறார் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுழல் நாற்காலியை நிரப்பி உட்கார்ந்தார். பின்னால் நின்ற செல்வமேரிக்குத் திரையில் பாதி அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. வேடிக்கை பார்க்க நானும் வாசலில் நின்றேன். சார் சுவிட்சைப் போட்டார்.

இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. கரண்ட்டை நிறுத்தினால் தேதி மறந்துபோகும். மறுபடி உயிர் வந்ததும், இன்று என்ன தேதி என்று நம்மைத்தான் கேட்கும். அன்றும் கேட்டது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலரை தாண்டிடுத்து. ராகு காலம்னா இது!"

"இருந்து ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாமா சார்?" என்றாள் செல்வமேரி.

"எதுக்கும்மா காத்துண்டிருக்கணும்? தேதி என்னன்னு மெஷின் நம்மளைத்தானே கேக்கறது? நல்ல நாளாச் சொல்லிட்டாப் போச்சு. புது பாஷை, வித்யாரம்பம். விஜயதசமியை விட உசத்தியா ஒரு நாள் உண்டோ?"

போன வருஷத்து விஜயதசமித் தேதியை அடித்தார். எண்டர்.

"அப்படிப் போடலாங்களா சார்?"

"அதுக்கு என்னம்மா தெரியும்? பஞ்சாங்கமா பாக்கப்போறது?"

அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றாமல் செல்வமேரி வீட்டில் மட்டும் எந்தக் காரியம் தொடங்கியிருக்கிறது? அவரவர் வழி அவரவருக்கு என்று விட்டுவிட்டாள்.

சார் முதல் ஃபிளாப்பியை வேட்டித் தலைப்பால் துடைத்துச் செருகினார். பெட்டி கரகரவென்று இரைந்தது. திரை நிறைய எழுத்து வந்தது. அதில் இருந்ததை எல்லாம் பிறகு நான் உட்கார்ந்து சாவகாசமாகப் படித்தேன். விட்டுவிடாமல் இங்கே தருகிறேன். மேலே நட்சத்திரங்களால் ஒரு கோடு, அதன் கீழே கம்பெனியின் பெயர், அமெரிக்காவில் அதன் விலாசம், தபால் பெட்டி எண், நகல் எடுத்தால் கோர்ட்டுக்கு இழுப்போம் என்ற எச்சரிக்கை, இந்தப் பதிப்பு எத்தனையாவது என்ற விவரம், கம்ப்யூட்டரில் உள்ள தேதி இந்த ஃபிளாப்பி தயாரான தேதிக்கு முந்தி இருப்பதால் அதைத் திருத்திக்கொண்டு மறுபடி தொடங்கவும் என்று ஒரு வரி, வாங்கியதற்கு நன்றி, மறுபடி ஒரு நட்சத்திரக் கோடு, கடைசியில் ஒரு விசையைத் தட்டவும் என்ற வேண்டுகோள்.

சாருடைய கண்ணில் கடைசி வரி மட்டும்தான் பட்டது. தட்டினார். எல்லாம் அழிந்து, பெட்டி ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிவிட்டது.

"என்னமோ சொல்லுச்சே சார்?"

"என்னத்தையோ சொல்றது, சொல்லிட்டுப் போகட்டும். அது அப்படித்தான் சொல்லும்."

மறுபடி போட்டார். மறுபடி எழுதியது. செல்வமேரி அவர் தோளைத் தாண்டிக் குனிவதற்குள் தட்டினார். இங்கேதான், அன்பர்களே, இந்த இனத்தின் முழு அழகும் தெரிகிறது. எண்டர் தட்டுகிறவர் தோற்றால் சோர்ந்துபோகிற ஜாதியல்ல. பெட்டி தன் நோயைத் தானே எழுதிக் காட்டிக்கொண்டிருக்க, அவர் நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, ஜாதகம் பார்த்து, நோய் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். முதலில் வோல்டேஜ் சரியில்லை என்றார். ஸ்டெபிலைசரை இடம் மாற்றினோம். சூடு என்றார்; ஏ.சி.யைத் திருகி வைத்ததில் தைரியராஜ் துண்டை எடுத்துக் காதோடு கட்டிக்கொண்டார். தூசி என்றார், பெருக்கினோம். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பிறகு கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றினார், அது தேதி கேட்டது, அவர் விஜயதசமி என்றார், அது அதே வரியை எழுதியது, அவர் தட்டினார்.

கடைசியாகக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எர்த்!" என்றார்.

"எர்த்துக்கு என்னங்க?" என்றேன் நான்.

"எர்த் குழி காஞ்சு கிடக்கும். அதான் பாஷை உள்ளே இறங்க மாட்டேங்கறது. ஒரு வாளி தண்ணி விடுங்கோ. உப்பும் போடுங்கோ."

எர்த் கம்பி புதைத்த குழி என் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான்தான் ஊற்றினேன். தைரியராஜ் உப்பு போட்டார். பாஸ்கல் இறங்கவில்லை. "ஊறட்டும். காலம்பற வந்து பாக்கறேன். பெருமாள் இருக்கார்" என்று சார் போய்விட்டார். வெளியே எடுத்து வைத்த ஃபிளாப்பிகளை சார் வராமல் தொட வேண்டாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் தைரியராஜும் போனார். செல்வமேரி படியில் உட்கார்ந்தாள்.

"சாக்பீஸ்தான் போல இருக்குங்க சார்" என்றாள் என்னிடம்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது. மாடியில் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து என்னிடம் டைப்ரைட்டிங் படிக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பெண் தோற்றுப்போவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை சொன்ன நேரத்துக்கு சிஸ்டர் வந்தார். முப்பது வருஷம் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தியவர். எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டு வாசிக்காமல் அவரால் இருக்க முடியாது. என் போர்டை வாசித்தார். சுவரில் இருந்த மூலம் பவுத்திரம் விளம்பரத்தையும் தயங்காமல் வாசித்தார். "செருப்பைக் கழற்றவும்" என்று வாசித்து, கழற்றினார். உள்ளே சார் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தார். ராகு காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் ஆரம்பித்த முகூர்த்தத்தை நடுவில் மாற்றக் கூடாது என்று அன்றைக்கும் விஜயதசமியே போட்டிருந்தார்.

"சின்னத் தகராறு சிஸ்டர், எர்த் ஊறிண்டிருக்கு. இப்போ பாருங்கோ" என்று ஃபிளாப்பியைச் செருகினார். பெட்டி இரைந்தது. எழுத்து வந்தது. சுட்டுவிரல் உயர்ந்தது.

"கையை எடுங்க."

உரக்கக்கூடச் சொல்லவில்லை. ஸ்ரீரங்கராஜன் சார் கையை மட்டுமா எடுத்தார்? எழுந்தே நின்றுவிட்டார். கை தானாகவே கட்டிக்கொண்டது. சிஸ்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கம்பெனி விலாசத்திலிருந்து ஆரம்பித்து, தபால் பெட்டி எண்ணையும் விடாமல், டிக்டேஷன் கொடுப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டே வந்தார். அந்த வரியில் நின்றார்.

"செல்வமேரி, இதுக்குள்ள என்ன தேதி போட்டிருக்கு?"

"விஜயதசமி சிஸ்டர்."

"ஜூன் மாசத்துலயா?"

சார் ஏ.சி.யைப் பார்த்தார். செல்வமேரியின் கண் மட்டும் அந்த வரியிலேயே நின்றது. எனக்கு அவள் முகம் மலர்ந்தது நன்றாகத் தெரிந்தது. "கொஞ்சம் எழுந்திருங்க சிஸ்டர்" என்று சொல்லி உட்கார்ந்து, கம்ப்யூட்டரை அணைத்து ஏற்றி, அன்றைய தேதியை அடித்தாள். கரகரவென்று ஒவ்வொரு ஃபிளாப்பியாக உள்ளே இறங்கியது. பாஸ்கல் வந்துவிட்டது. அவள் ஆறு மாதமாகக் காகிதத்தில் எழுதி எழுதி வைத்திருந்த புரோகிராமை அதில் அடித்தாள். பிறந்த தேதியைக் கொடுத்தால் பிறந்த கிழமையைச் சொல்லும். சிஸ்டர் தம் பிறந்த தேதியை அவள் காதில் மட்டும் சொன்னார். திரையில் புதன் என்று வந்தது.

"எங்கம்மாவும் புதன்கிழமைன்னுதான் சொல்வாங்க" என்றார் சிஸ்டர். பிறகு, "பிள்ளைங்களை அனுப்புறேன். ஆனா முதல் வாரம் ஒருத்தியும் கீபோர்டைத் தொடக் கூடாது. திரையில வர்றதை சத்தமா வாசிக்கட்டும், போதும்" என்றார். தைரியராஜ் அன்றைக்கும் காதோடு கட்டிக்கொண்டு வந்திருந்த துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாருக்கு இதனால் ஏதாவது குறைந்துபோயிற்று என்று நினைத்தால் இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. படியிறங்கும்போது என் தோளில் கை போட்டார்.

"தேதியாத்தான் இருக்கும்னு நேத்தே எனக்கு ஒரு சந்தேகம். ஆனா ஒண்ணு, நேத்து எர்த்துல தண்ணி விடலேன்னா இன்னிக்குத் தேதி மாத்தியும் ஓடியிருக்காது."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸில் போர்டைப் பார்க்காமல் ஏறி, ஸ்ரீரங்கம் போக வேண்டியவர் மண்ணச்சநல்லூரில் போய் இறங்கினாராம். வந்ததுதான் வந்தோம் என்று ஒரு மூட்டை பொன்னி அரிசி வாங்கிக்கொண்டு, அதற்காகவே போன மாதிரி வீடு திரும்பியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. என் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாதே, நான் எப்படி இந்த இனத்தில் சேர முடியும் என்ற தைரியம் உங்களுக்கு. சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிஸ்டர் திங்கட்கிழமை வாசித்த அந்த வரியை நான் ஞாயிற்றுக்கிழமைக் கதையிலேயே, இரண்டு நட்சத்திரக் கோடுகளுக்கு நடுவில், ஓர் எழுத்து விடாமல் உங்களுக்கு எழுதிக் காட்டினேன். விலாசமும் தபால் பெட்டியும் வந்ததும், இதெல்லாம் எதற்கு என்று தாண்டிப் போனீர்களா, இல்லை, படித்தீர்களா?

"ஓ, படித்தேனே" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புரட்ட விரலை ஓரத்துக்குக் கொண்டுபோகிறீர்கள், பாருங்கள்.

கையை எடுங்க.