வீட்டுக்கு வீடு கொண்டு வருவேன்

பட்டம் வாங்கிய புதிதில் சிலருக்குக் காது மந்தமாகிவிடும். எனக்கு ஆகியிருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். திருச்சியில் விடுதியில் தங்கி பி.ஏ. முடித்து ராயபுரம் திரும்பியிருந்தேன். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அவ்வளவு படித்ததில்லை. (அதை நானே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.) கவுன்சிலர் தேர்தல் வந்தது. எங்கள் வட்டத்துக் கட்சித் தலைவர் சூசை அண்ணன், துறைமுகத்தில் பளு தூக்கும் வின்ச் ஓட்டுபவர், வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இங்கிலீசு பேசுறவனுங்களாண்ட குந்திப் பேச பட்ச்ச புள்ள வோணும் நைனா. ஞாயித்துக்கெழமை கூட்டத்துல பேசு. ஜனம் ஒத்துக்கிச்சுன்னா சீட்டு உனுக்குத்தான்."

ஆயுளெல்லாம் மூட்டை தூக்கிய அப்பா, மகன் மேடையேற வெள்ளை ஜிப்பா தைக்கக் கொடுத்தார். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

மீன் சந்தைப் பக்கம் மேடை. கல்வியின் மேன்மையைச் செந்தமிழில் பொழிந்து தள்ளினேன். கூட்டம் பீடி பிடித்தபடி பொறுத்துக்கொண்டது. பாவம், எவ்வளவு நல்ல ஜனங்கள்! அப்போது மீன் விற்கும் ரோசம்மா எழுந்தார். சொல்லி வைத்தாற்போல் ஒரு கூட்ஸ் வண்டியும் கூவிக்கொண்டு போயிற்று.

"மய பேஞ்சா வூட்டுக்குள்ளயே கலீஜ் வந்துடுது. நீ இன்னா பண்ணப் போறே?"

கலீஜ் என்று அவர் சொன்னது சாக்கடை அசிங்கத்தை. வண்டிச் சத்தத்தில் மழை அடிபட்டுப்போய், என் காதில் விழுந்தது வீடும் காலேஜும்தான்.

"தாயே! அதுதான் என் கனவு! வீட்டுக்கு வீடு கொண்டு வருவேன்! நான்கு ஆண்டுகள் அதிலேயே மூழ்கிக் கிடந்தவன் நான். உங்கள் பிள்ளைகளையும் அதில் இறக்காமல் ஓயமாட்டேன்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. வரவேற்பு பலமாக இருக்கிறதே என்று இன்னொரு முறையும் சொன்னேன்.

"அட பேஜாரு புட்ச்சவனே! கீறது பத்தாதுன்னு இன்னும் கொண்டாரப் போறியா?" என்றார் ரோசம்மா.

சூசை அண்ணன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "பட்ச்ச புள்ளன்னு மட்டும் கேட்டுட்டேன். நம்ம பேச்சு புரியுற புள்ளன்னு சேத்துக் கேட்டிருக்கணும்," என்று அலுத்துக்கொண்டார். சீட்டு எட்டாவது வரை படித்த இன்னொருவருக்குப் போயிற்று.

அந்த ஜிப்பாவைக் கிழியும்வரை அப்பாவே பூசைக்குப் போட்டுக்கொண்டு போனார். அதைப் பார்க்கும்போதெல்லாம், திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ரோசம்மா பிற்பாடு எனக்கு மாமியாரானார். இன்று அவரும் இல்லை, அப்பாவும் இல்லை, சூசை அண்ணனும் இல்லை. அந்தக் குரல்களுக்காக இப்போது காது ஏங்குகிறது. போன வாரம் பேத்தி முதன்முதலாகக் காலேஜுக்குப் போய்விட்டு வந்தாள். என் மனைவி வாசலிலேயே மறித்தாள், அப்படியே தன் அம்மாவின் குரலில்:

"காலேஜ்லேர்ந்தா வர்றே? காலக் கய்விகினு உள்ள வா."