நான் கண்டுபிடித்த எண்ணும் ஒரு கிலோ மைசூர்பாகும்

கணக்கின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கையைவிட என் மேல் எனக்கிருந்த நம்பிக்கை எப்போதுமே ஒரு பிடி கூடுதல். அதை ஒரு கணினி, நாலு பேர் முன்னால், பெரிய திரையில் போட்டுக் காட்டியது.

பி.டெக். இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறை. ஹைதராபாத்திலேயே ஒரு நிறுவனத்தில், கணிதமும் கணினியும் கலந்த ஆராய்ச்சிக்கு எங்களைப் போன்ற அரைவேக்காடுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். மே மாதம் சோதனை ஓட்டம். கடைசியில் ஒரு கருத்தரங்கு. அதைப் பார்த்துத்தான், ஜூனிலும் யார் தொடரலாம் என்று பேராசிரியை மேடம் முடிவு செய்வார். எனக்கு எப்படியாவது தொடர வேண்டும். (உப்பல் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் ஏசி இல்லை என்பது இரண்டாவது காரணம்தான்.)

மேடம் கொடுத்த விளையாட்டு இது. ஏதாவது ஓர் எண்ணை எடு. இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. இப்படியே போனால், எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒன்றில் வந்து நிற்கும். ஏன் என்று இதுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

“நீங்களும் நிரூபிக்க வேண்டாம். எந்த எண் எத்தனை படி எடுக்கிறது என்று சும்மா வேடிக்கை பாருங்கள்” என்றார்.

வேடிக்கை பார்த்தேன். லட்சத்துப் பதிமூவாயிரத்துச் சொச்சத்தில் என் புரோகிராம் நின்றது. அந்த எண் உள்ளே போனது, வெளியே வரவேயில்லை. லேப்டாப் ஃபேன் மட்டும் ‘ஹோ’வென்று அழுதது.

ஆக, ஒன்றுக்குத் திரும்பாத எண்! உலகத்துக் கணித மேதைகள் எல்லாரும் கோடி கோடியாகச் சரிபார்த்துவிட்டு, இந்த ஒரு லட்சத்தை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நம்ப எவ்வளவு தைரியம் வேண்டும்? என்னிடம் இருந்தது.

மாதாப்பூரில் ஐடி வேலை பார்க்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“நக்கோடா, வேண்டாம். முதல்ல ஒழுங்கா செக் பண்ணு. அதுவரைக்கும் அப்பாகிட்ட மூச்சு விடாத.”

பொறாமை என்று முடிவு கட்டி, அப்பாவிடம் மூச்சு விட்டேன்.

அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஹைதராபாத்துக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் திருநெல்வேலியை நாக்கிலேயே வைத்திருப்பவர். காலனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார். அரைநாள் லீவு போட்டார். கருத்தரங்கின் கடைசி வரிசையில், மடியில் ஒரு கிலோ மைசூர்பாகோடு உட்கார்ந்துவிட்டார்.

என் முதல் ஸ்லைடில் அந்த எண்ணும், அதற்கு நான் சூட்டிய என் பெயரும் ஜொலித்தன.

மேடம் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. “அந்த எண் வழியில் எங்கெல்லாம் போகிறது? பிரிண்ட் போட்டுப் பார்த்தீர்களா?”

“அவசியப்படலை மேடம்.”

“இப்போது போடுங்கள்.”

போட்டேன். திரையில் எண்கள் வரிசையாக ஏறின, இறங்கின, மறுபடி ஏறின, கோடிகளைத் தாண்டின. திடீரென்று ஒரு மைனஸ்.

பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் மைனஸ் எப்படி வரும்? கடைசி வரிசையிலிருந்து மட்டும் பலத்த கைதட்டல். அதுதான் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட்டார் அப்பா.

காது சுட்டது. ஆனால் அந்த மைனஸ் என்னை விடவில்லை. கணினியில் எண்ணுக்கு நான் ஒதுக்கியிருந்த இடம் போதவில்லை. பழைய ஸ்கூட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்கள் எல்லாம் ஒன்பதானதும் மறுபடி சைபருக்குப் போவதுபோல, இது மைனஸுக்குப் போய், ஒன்றுக்கு வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அது சரி, இதற்கு முந்தைய லட்சம் எண்களும் எப்படித் தப்பித்தன? இது மட்டும் ஏன் இவ்வளவு உயரம் ஏறியது? அவமானத்தை மறந்து போர்டில் கிறுக்கத் தொடங்கினேன்.

மேடம் சற்று நேரம் பார்த்தார். “இந்தக் கேள்வி நன்றாக இருக்கிறது. ஜூனில் இதைச் செய்யுங்கள். முதல் ஸ்லைடை மட்டும் அழித்துவிடுங்கள்.” பிறகு அப்பாவிடம் திரும்பி, “ஸ்வீட்டை ஏன் சார் வீணாக்க வேண்டும்?” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நல்ல செய்தியும் நேராக ஸ்வீட் கடைக்குப் போவதில்லை. எனக்கு வேலை கிடைத்தபோதும் அப்பா கேட்டது, “பிரிண்ட் போட்டுப் பாத்தியால?” என்றுதான்.

போன வாரம் அக்கா போனில், தான் உண்டாகியிருப்பதைச் சொன்னாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவிடமிருந்து வழக்கமான கேள்வி.

“ஸ்கேன் பிரிண்டே கையில இருக்குப்பா. தைரியமா ஸ்வீட் வாங்குங்க.”

“சரிட்டீ. தம்பி சரிபாக்கேம்பான், அவன்ட்ட மட்டும் அதக் குடுத்துராத.”