தலைவர் பயந்த எலுமிச்சம்பழம்

எங்கள் எலுமிச்சைத் தோட்டத்தைக் கொன்றது சொறி நோய் அல்ல, எங்கள் பகுதித் தலைவர். அவர் உயிரோடு இருக்கும்போதே இதை எழுதுகிறேன். செத்த பிறகு எழுதினால் பயந்தாங்கொள்ளி என்பார்கள்.

அவருக்கு உடந்தையாக ஒரு முட்டாளும் இருந்தான். அது நான்.

அறுபதுகளின் தொடக்கம். அன்னூருக்குக் கிழக்கே எனக்கு நான்கு ஏக்கர் எலுமிச்சை. கிணற்றை ஆழப்படுத்தி ஆழப்படுத்தி வளர்த்த மரங்கள். ஒரு மழைக்குப் பிறகு இலையிலும் காயிலும் பழுப்பு நிறத்தில் சொறி கிளம்பியது. காய் உதிர்ந்தது. கிளைகள் நுனியிலிருந்து கருகின. சந்தையில் என் மூட்டையைக் கண்டாலே வியாபாரிகள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

கோயமுத்தூரிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர் ஒருவர் மரத்தைப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். "என்ன மருந்து கேக்கும்னு உங்க மண்ணுல வெச்சுப் பார்த்தாத்தானுங்க தெரியும். ஒரு சோதனைத் தோட்டம் போடணும். சர்க்கார் பணம் ஒதுக்கணும். நான் கேட்டு அலுத்துட்டேன். உங்க தலைவரு கேட்டா குடுப்பாங்க."

நானும் என் மனைவியின் அண்ணனும் கிளம்பினோம்.

பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் எலுமிச்சம்பழம் கொடுப்பது வழக்கம். "நோவு புடிச்ச பழத்தையே குடுப்போம் மச்சான். மரியாதையும் ஆச்சு, சாட்சியும் ஆச்சு" என்றேன்.

மச்சான் பழத்தைத் திருப்பிப் பார்த்தார். "மாப்ளே, தலைவருக்குக் கண்ணு மங்கல். இத்தனூண்டு சொறி அவருக்கெங்க தெரியப்போவுது?"

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாளெல்லாம் குடும்பத்துக்குக் கெட்ட நாள்.) தாலூகா ஆபீசில் வரைபடத்தில் குண்டூசி குத்தி ஊர்களைக் காட்டுவதைப் பார்த்திருந்தேன். அதேபோல் ஒவ்வொரு சொறியிலும் ஒரு குண்டூசி குத்தினேன். ஊசி கையைக் கிழிக்காமல் இருக்க, கண்ணில் பட்ட ஒரு சிவப்புத் துணியில் சுற்றினேன். அமாவாசையன்று ஏர் பூட்டமாட்டோம், ஓய்வான நாள் என்று அன்றைக்கே போனோம்.

அமாவாசை, சிவப்புத் துணி, ஊசி குத்திய எலுமிச்சம்பழம். மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். தடிமாடு மாதிரி வளர்ந்த எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

"வாங்க, வாங்க" என்று சிரித்தபடி தலைவர் கை நீட்டினார். துணியைப் பிரித்துப் பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

பழம் கூரையில் மோதி விழுந்தது. தலைவர் நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"அம்மிணி, ஓடியா! செய்வினை கொண்டாந்துட்டானுக!"

நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். "பயப்படாதீங்க, இது நோவுங்க. மொதல்ல நுனி கருகுமுங்க. அப்புறம் ஒண்ணொண்ணா உதிருமுங்க. இப்பவே நீங்க ஏதாச்சும் பண்ணலீன்னா குடும்பமே அழிஞ்சுபோயிருமுங்க!"

(என் குடும்பத்தைத்தான் சொன்னேன். அவர் காதில் அப்படி விழவில்லை.)

அவர் மனைவி விளக்குமாற்றோடு வந்தார். மச்சான் அதற்குள் ரோட்டில் இருந்தார். கொண்டுபோன மனு என் சட்டைப்பையிலேயே வியர்வையில் நனைந்து கிழிந்தது.

பிறகு ஊர்ப் பெரியவர்கள் போய் விஷயத்தைப் புரியவைத்தார்கள். அவர் சொன்ன பதில்: "எலுமிச்சைங்கற பேச்சையே எம்பட ஊட்டுல எடுக்கக்கூடாது."

சோதனைத் தோட்டம் வரவில்லை. அடுத்த மழையில் பாதி மரம் போனது. அதற்கடுத்த மழைக்கு மீதி. வெட்டி விறகாக்கினோம். அந்த விறகில் சோறாக்கும்போது புகை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு என் மனைவி அழுதாள்.

இடையில் ஒருநாள் சந்தைப்பேட்டைக் கூட்டத்தில் தலைவர் முழங்கினார்: "பேயும் கிடையாது, செய்வினையும் கிடையாது! பகுத்தறிவோடு வாழுங்கள்!" முன்வரிசையில் நின்றிருந்தேன். அவர் கையை உயர்த்தியபோது சட்டைக் கை நழுவியது. முழங்கைக்கு மேலே புத்தம் புதுத் தாயத்து.

எனக்கு "மந்திரவாதி" என்ற பெயர் நிலைத்தது. முன்பின் தெரியாதவர்கள் வந்து பங்காளிக்குக் கைகால் இழுக்க வழி கேட்டார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் காப்பியைத் தொடவே இல்லை. இன்றும் வீட்டில் யாராவது ஆபீசரைப் பார்க்கக் கிளம்பினால் என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "ஏனுங்க, குண்டூசி எடுத்தாச்சுங்களா?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

தலைவரே, நீங்கள் இன்னும் மேடை ஏறுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் ஊர் முன்னால் பதில் சொல்லுங்கள். செய்வினை பொய் என்றால் எங்களுக்காக ஏன் பணம் கேட்கவில்லை? நிஜம் என்றால், இத்தனை வருஷமாக நான் விட்ட சாபத்துக்கு உங்களுக்கு ஏன் ஒன்றுமே ஆகவில்லை?